நாற்பத்தொரு நாள் மழைக்கணக்கு

"ஜூலை ஒன்பதுலேருந்து நாற்பத்தொரு நாள் நீங்க மலையில இல்லை," என்று லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள் அவள். "பதிவேட்டுல இருக்கற ரீடிங் எல்லாம் பொய்."

மலை மேல் வானிலை நிலையத்தில் முப்பது வருடம் மழையளந்து ஓய்வு பெற்றவர் அவர். திரையைப் பார்க்கவில்லை. அவள் கழுத்தில் தொங்கிய அலுவலக அடையாள அட்டையைப் பார்த்தார்.

"யார் பெட்டிஷன் எழுதிப் போட்டது?"

"யாரும் போடலை. மெஷின் சொல்லுது."

"இருபத்திரண்டு வருஷம் முன்னால பெஞ்ச மழை மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

"மலையைச் சுத்தி பன்னிரண்டு ஸ்டேஷன் இருக்கு. அங்கெல்லாம் பெஞ்சதை வச்சு உங்க இடத்துல எவ்வளவு பெஞ்சிருக்கும்னு இந்த நியூரல் நெட்வொர்க் சொல்லிடும். முப்பது வருஷமும் உங்க எண்ணும் அதோட எண்ணும் ஒட்டியே போகுது. அந்த நாற்பத்தொரு நாள் மட்டும் ஒட்டலை. கீழே ஊரெல்லாம் வெள்ளக்காடு, உங்க பதிவேட்டுல தூறல்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"முந்தின வருஷத்து எண்ணையே எடுத்து அங்கங்கே ஒண்ணு ரெண்டு கூட்டிக் குறைச்சிருக்கீங்க."

"விசாரணைக்கு வந்திருக்கியா?"

"விசாரணை இல்லைப்பா," என்றாள் மகள்.

பழைய பதிவேடுகளைப் படித்துத்தான் அவள் அலுவலகத்தின் இன்னொரு நெட்வொர்க் வரப்போகும் மழையைச் சொல்லப் பழக வேண்டும். படிக்கக் கொடுக்குமுன் பொய்யைப் பொறுக்கி எடுப்பது அவளுடைய வேலை. அந்த நாற்பத்தொரு நாளுக்கு நேரே 'தகவல் இல்லை' என்று போட்டுவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு இந்த வீட்டுக்குப் பஸ் ஏறியிருந்தாள்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்ததும் அதே நாற்பத்தொரு நாள்தான்.

அப்போது அவளுக்குப் பதினேழு வயது. இதே வீட்டைப் பூட்டிக்கொண்டு அவளும் சித்தியும் பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தார்கள். அப்பா மலை மேல் குவார்ட்டர்ஸில் இருந்தார். வாரம் ஒருமுறை வார்டுக்குப் போன் வரும். "லீவு இல்லைம்மா. காலையில எட்டரைக்கு ரீடிங் எடுக்க வேற ஆள் கிடையாது. ஒருநாள் விட்டாலும் ரெக்கார்டு போச்சு."

சித்தி அவருக்கு 'எட்டரை' என்றே பெயர் வைத்துவிட்டாள். "இடியே விழுந்தாலும் எட்டரை எட்டரையைத்தான் பாக்கும்," என்பாள். கடைசிக் காரியத்துக்கு மட்டும் வந்து சேர்ந்தார் எட்டரை.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது அம்மா வளர்த்த ஜன்னலோரச் செடிகள் ஒன்றுகூட வாடாமல் நின்றிருந்தன. பக்கத்து வீட்டம்மா தண்ணீர் ஊற்றியிருப்பாள் என்றாள் சித்தி. செடியைப் பற்றிப் பேசுகிற நேரமா அது?

அப்பாவும் மகளும் அதற்குப் பிறகு சண்டை போட்டதில்லை. சண்டைக்கும் கொஞ்சம் பேச்சு வேண்டுமே. மாதம் ஒரு போன். மாத்திரை இருக்கா, இருக்கு, சரி வச்சிடறேன். அவளுக்கு அழுகைகூட வந்ததில்லை. பல் பிடுங்கின இடத்தில் மரத்துக் கிடப்பதுபோல உள்ளே ஓரிடம் அப்படியே கிடந்தது, அவ்வளவுதான்.

போன வாரம் திரையில் அந்த எண்களைப் பார்த்ததும் முதன்முதலாக அந்த இடத்தில் ஏதோ குறுகுறுத்தது. மூன்று தடவை ஓட்டிப் பார்த்தாள். மூன்று தடவையும் மெஷின் அதையேதான் சொன்னது. மனுஷர் மலையில் இல்லை.

"அப்பா, கடைசி வாரம் அம்மா தினமும் ஒண்ணு சொல்லிட்டே இருந்தாங்க. 'அப்பா வந்துட்டுப் போனார், கதவுகிட்ட நின்னு பாத்துட்டுப் போனார்'னு. ஜுர வேகத்துல உளர்றாங்கன்னு நர்ஸ் சொன்னாங்க. நானும் நம்பிட்டேன்."

அவர் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டார்.

"லீவு கொடுக்க மாட்டாங்க. விட்டுட்டு வந்தது தெரிஞ்சா வேலை போயிடும். அதனாலதானே பொய்யா எழுதி வச்சீங்க? சித்தி வாய்க்குப் பயந்து வெளியிலேயே நின்னு பாத்துட்டுப் போனீங்க. அப்படித்தானே?"

அவர் முகம் ஜன்னலோரம் திரும்பியது.

"இருபத்திரண்டு வருஷம் உங்களை நான் ஒரு மனுஷனாவே நினைக்கலைப்பா." பஸ்ஸில் வரும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம் அது. அடுத்து மன்னிப்புக் கேட்பதாக இருந்தாள். "ஒரே ஒரு தடவை உங்க வாயால சொல்லுங்க. வந்தீங்கதானே?"

அவர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவள் முகம் இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு ஆசையோடு அவரைப் பார்த்ததில்லை. ஆமாம் என்று சொன்னால் போதும். பொய்யென்று சொல்ல ஒரு சாட்சி கிடையாது. எந்த மெஷினாலும் கண்டுபிடிக்க முடியாது.

லேப்டாப்பை மூடி அவள் பக்கம் நகர்த்தினார்.

"அவ போறதைப் பாக்கற தைரியம் எனக்கில்லை. இங்கதாம்மா இருந்தேன், உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு."