அங்கியின் மணிகள்

மலேசியாவின் கோலா சாவா தோட்டத்துச் சிற்றாலயத்தில் நாடகம் நடக்கிறது. வேதத்தில் வரும் முதல் பூசகரான ஆசாரியன் ஆரோனின் வேடத்தில் மகிந்தன் திரைக்குப் பின்னால் நடக்கிறார்; சாம்பிராணிப் புகை அடியில் கசிகிறது. உள்ளே ஆசாரியன் உயிரோடிருப்பதை வெளியே உள்ளவர்கள் அறிய, வேதத்தில் சொல்லியபடியே அங்கியின் விளிம்பில் மணிகளைத் தைத்தவள் அவர் மனைவி அனுஷியா. போன மாதம்தான் அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன். திடீரென்று மணிச்சத்தம் நின்றுபோகிறது. அவள் எழுந்து முன்னால் போகிறாள். “ஆசாரியர் மட்டும்தான் உள்ள போகணும்லா அக்கா,” என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த தர்ஷிகா கிசுகிசுக்கிறாள். அனுஷியா மண்டியிட்டுத் திரைக்கடியில் கையை நுழைக்கிறாள். தரையில் கிடக்கும் அங்கியின் விளிம்பு விரல்களில் சிக்குகிறது. மணிகள் கிணுகிணுக்கின்றன. பின்வரிசைகளில் இருப்பவர்கள் நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள். மணிகளை அசைப்பது தன் கைதான் என்று அவளுக்கு மட்டும் தெரிகிறது.