மெல்லக் கூப்பிட்ட பெயர்

நீதிமன்ற வராந்தாவின் பெஞ்சில் தையல்காரர் நிலைகொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறார். காவல் நிலையத்தில் லத்தியால் நசுக்கப்பட்ட விரல்கள் இன்னும் மடங்குவதில்லை. முழங்கால் மட்டும் ஓயாமல் ஆடுகிறது. எதிர்ப் பெஞ்சில், நசுக்கிய அதிகாரி செய்தித்தாளை விரித்திருக்கிறார். தாள் சரசரக்கும்போதெல்லாம் தையல்காரரின் கண் வாசலுக்கு ஓடுகிறது. தங்கை அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொள்கிறாள். "போன தடவை மாதிரி ஓடிடாதண்ணே. இன்னைக்கும் நீ சாட்சி சொல்லலேன்னா கேஸே போயிடும்." "நானா ஓடினேன்? காலுல்ல ஓடிச்சு! ஸ்டேஷன்லயும் இங்க மாதிரித்தாம்மா, பேரைக் கத்திக் கூப்பிட்டுட்டுத்தான் அடிப்பாங்க." கதவருகே நிற்கும் டவாலியின் காதில் அது விழுகிறது. பெயர்களைக் கூவுவதே அவருடைய வேலை. உள்ளே மணி அடிக்கிறது. கூவ வாயெடுத்தவர் மூடிக்கொண்டு, தரையில் கிடக்கும் வெயில் பட்டைகளைக் கடந்து வந்து, குனிந்து, பெயரை மெல்லச் சொல்கிறார். "உங்களைத்தான் கூப்பிடுறாங்க. வாங்க, நானும் கூடவே வர்றேன்." தங்கைக்கு, தான் வேண்டிக்கொண்ட தெய்வமே அந்தத் தொண்டையில் வந்து இறங்கியதுபோல் இருக்கிறது. முழங்கால் ஆட ஆடவே தையல்காரர் எழுந்து உள்ளே போகிறார். அவரைக் கூண்டில் விட்டுவிட்டு வெளியே வந்த டவாலி, கதவை ஒருமுறைக்கு இருமுறை நன்றாகச் சாத்துகிறார். பிறகு அதிகாரியின் பெயரை, எந்தப் பட்டமும் ஒட்டாமல், வராந்தாவே அதிரக் கூவுகிறார்.