ஸ்பெயினுக்குப் போகும் சோடி

“உப்புப் போட்டனியோ, கடலையே அள்ளி ஊத்தினனியோ?”

யோசெப் மனைவியைப் பார்த்துக் கேட்டான். புனிதமலர் முற்றத்தில் காயப்போட்ட கருவாட்டில் வந்து குந்திய காகத்தைக் கலைத்தாள்.

“வாயைத் திறவன். கல்யாணம் கட்டின நாளிலயிருந்து ஒரு நாள் உன்ர கறி பிழைச்சிருக்கோ? பிழைக்கிறதுக்கு அந்த நாள்தானோ கிடைச்சது?”

“பிழைச்சுப்போச்சு. விடுங்கோவன்.”

“விடுறதோ!”

எப்படி விடுவான்? கொழும்பில் வியாபாரம் செய்த ஸ்பெயின் தேசத்துத் துரை ஒருவர் எல்லாவற்றையும் விற்றுப்போட்டுச் சொந்த ஊருக்குத் திரும்புகிறார். அங்கே அவருக்குப் பெரிய வீடாம், பழத்தோட்டமாம். வேலைக்குப் பிள்ளைகுட்டி இல்லாத வேதக்காரச் சோடி ஒன்று வேண்டுமாம். ஆணுக்கு மரவேலையும் தோட்டமும், பெண்ணுக்குக் குசினியில் சமையல். கப்பல் செலவெல்லாம் துரையுடையது. முல்லைத்தீவுத் தேவாலயச் சுவாமியார் தன் பங்கில் இரண்டு சோடிகளின் பேரைச் சொல்லிவிட்டார்.

ஒன்று யோசெப்பும் புனிதமலரும். மற்றது ஸ்ரீபனும் அருளம்மாவும்.

ஸ்ரீபன் போன வாடைக்காற்றுக் காலத்தில் தன் தம்பியைக் கடலுக்குப் பறிகொடுத்தவன். அன்றிலிருந்து அவன் வள்ளத்தில் கால் வைத்ததில்லை. ஊராருக்கு விறகு கொத்திக் கொடுத்துத்தான் அவன் வீட்டில் உலை கொதித்தது.

துரையும் அவர் மனைவியான வெள்ளைக்கார அம்மாவும் காரில் வந்து இறங்கினார்கள். சுவாமியார் தங்கும் அறைவீட்டில்தான் பரீட்சை. இறுகிப்போன ஜன்னல்களை ஆளுக்கொன்றாகச் சீவிப் பொருத்தச் சொன்னார் துரை. யோசெப் பொருத்திய ஜன்னல் ஒரு விரல் பட்டதும் திறந்தது. துரை அவன் முதுகில் தட்டினார். அந்த நிமிசமே யோசெப் ஸ்பெயினுக்குப் பாதி வழி போய்விட்டான்.

பெண்கள் இருவரும் குசினியில் பக்கத்துப் பக்கத்து அடுப்பில் மீன் சமைத்தார்கள். அருளம்மா கொண்டுவந்து வைத்த கறியை அந்த அம்மா திரும்பவும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. புனிதமலர் வைத்ததில் ஒரு வாய் வைத்தா. அவ்வளவுதான். கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினா.

“மரவேலை பழக்கலாமாம், கைப்பக்குவம் பழக்கேலாதாம்” என்று தீர்ப்பைத் தமிழில் சொன்னார் சுவாமியார்.

அதற்குப் பிறகு யோசெப்புக்கு வேறு கதையே இல்லை. கரைவலை இழுக்கிற இடத்திலும் அதுதான், தேத்தண்ணிக் கடையிலும் அதுதான்.

“கடலைக் கண்டு நடுங்கிறவன் கப்பல் ஏறப்போறான். வள்ளம் ஓட்டுற நான் கரையில நிக்கிறன். என்ர ஸ்பெயின் உப்பில கரைஞ்சு போச்சு!”

கேட்டவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்தால் புனிதமலருக்கு மிச்சம் இருந்தது.

“இண்டைக்கு என்ன, கறியோ, உப்பளமோ?”

அவள் சோற்றுக் கோப்பையை அவன் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவாள். கறி எப்போதும்போல நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவனுக்கு இன்னும் எரிச்சல்.

போகிற நாளும் வந்தது. ஸ்ரீபனும் அருளம்மாவும் பயணம் சொல்ல வந்தார்கள். அருளம்மா புனிதமலரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

யோசெப்புக்குப் பொறுக்கவில்லை. “அழுதது காணும் பிள்ளை. துரைக்கு நல்லாச் சமைச்சுப் போடு. இந்த அக்காவை மாதிரி உப்பைக் கொட்டிப்போடாதை.”

அருளம்மா விலகி நின்று முகத்தைத் துடைத்தாள்.

“அண்ணை, இனியும் என்னால ஏலாது. அந்தச் சட்டி என்ரை.”

“எந்தச் சட்டி?”

“வெள்ளைக்காரம்மா துப்பின சட்டி. பயத்தில ரெண்டு தரம் உப்புப் போட்டிட்டன். அடியும் பிடிச்சுப்போச்சு. நான் அழுதுகொண்டு நிக்க, அக்கா தன்ர சட்டியைத் தூக்கி என்ர கையில தந்திட்டு, என்ரையைத் தான் கொண்டு போயிட்டா. வேண்டாம் அக்கா எண்டு மண்டாடினனான். கேக்கேல்லை. அங்க போய் நான் வெக்கப்படக்கூடாதெண்டு, நீங்கள் கடலுக்குப் போன நேரமெல்லாம் வந்து சமையலும் பழக்கினவா.”

ஸ்ரீபன் தலை குனிந்துகொண்டான். “எனக்கும் ராத்திரித்தான் சொன்னவள், அண்ணை.”

“இதை ஆரோடையும் கதைக்கக்கூடாதெண்டு சொன்னனான் எல்லே!” என்று புனிதமலர் அருளம்மாவைக் கோபித்தாள். பிறகு, “பஸ் வந்திடும், நடவுங்கோ” என்று இருவரையும் வாசல் படலைவரை கூட்டிக்கொண்டு போனாள்.

அவள் திரும்பி வரும்வரை யோசெப் நின்ற இடத்திலேயே நின்றான். அவனுக்குக் கோபம் ஆறவில்லை. இப்போது அது யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

“என்னட்டை ஒரு சொல் கேட்டனியோ? போறது ரெண்டு பேரெல்லோ! என்ர பயணத்தையும் சேர்த்துத் தூக்கிக் குடுத்திட்டாய்!”

“கேட்டிருந்தால் விட்டிருப்பியளோ?”

“விட்டிருக்கமாட்டன்!”

“அதுதான் கேக்கேல்லை. எனக்கும் கப்பல் ஏற ஆசைதான்.”

“பிறகென்னத்துக்கு? உன்னை ஆர் கேட்டது?”

புனிதமலர் முதல் தடவையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஸ்ரீபன்ர தம்பிக்குப் பூசை குடுத்த அண்டைக்கு, கோயில் வாசலில ஸ்ரீபனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு, ‘இவனுக்கு இந்த ஊர்தான் ஒரு வழி பண்ணவேணும்’ எண்டு எல்லாருக்கும் கேக்க உரத்துச் சொன்னது நீங்கள்தானே? நானும் இந்த ஊர்தானே!”