சுவரில் இல்லாத எழுத்துகள்

“உட்காருங்க டாக்டர், உங்க கண்ணப் பாக்கணும்.”

இதை மட்டும் அவரிடம் கேட்டுவிடாதே என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். போன மாதம் அவர் ஆபரேஷன் செய்த மூன்று பேருக்குப் பார்வை திரும்பவேயில்லை. அதைப் பற்றியும் யாரும் பேசவில்லை.

அவர் சிரித்தார். “வேலம்மா, உன் ட்ரெயினிங் லாக் புக்குல நான்தான் கையெழுத்துப் போடணும். ஞாபகம் இருக்குல்ல?”

“இருக்கு டாக்டர். எங்க வீட்ல நான்தான் மொத டிகிரி. உட்காருங்க.”

நோயாளிகளுக்கான நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். இடது கண்ணை மறைத்தேன். வகுப்பில் பாடம் எடுக்கும் அதே குரலில், “ட, ப, ம” என்று தொடங்கிக் கடைசி வரிவரை தப்பில்லாமல் வாசித்தார்.

“போதுமாம்மா? எனக்கே டெஸ்டா?”

எழுத்துப் பலகையைக் காலையிலேயே கழற்றி மேஜைக்கு அடியில் வைத்திருந்தேன். எதிரே வெறும் சுவர்தான் இருந்தது.

வலது கண்ணை மறைத்தேன். “ட, ப” என்று மறுபடி ஆரம்பித்தார்.

நாளைக்கு அவர் கத்தி வைக்க வேண்டிய பதினோரு பேர், எந்தக் கண் என்று தெரிவதற்காகப் புருவத்துக்கு மேல் ஒட்டிய பிளாஸ்திரியோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். கையெழுத்தில்லாத லாக் புக்கை அவர் மடியில் வைத்தேன். அவர் வாசிப்பை நிறுத்தவில்லை. கதவைத் திறந்து அவர்களிடம் போனேன்.