சிரிப்பில் நழுவிய தாடை

தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தின் சன்னல் வெளிச்சத்தில் பெற்றீசியா மூட முடியாத வாயோடு உட்கார்ந்திருக்கிறாள். ஆறு வருடம் கழித்துக் குவைத்திலிருந்து லீவில் வந்தவள். முன்பு கூடவே கொழுந்தெடுத்த கமலேஸ்வரியோடு, கங்காணியின் இடுப்புச் சாரத்துக்குள் அட்டை ஏறிய கதையைப் பேசிச் சிரித்ததில் தாடை நழுவிவிட்டது. காதுக்கு முன்னால் குழி விழுந்திருக்கிறது. கண்ணீர் வழிகிறது. “தாடை எலும்போட குமிழ் குழியை விட்டு முன்னுக்கு வந்திருச்சு. பயப்படாதீங்க,” என்கிறார் டொக்டரையா. கட்டைவிரல்களில் துணி சுற்றி, கடைவாய்ப் பற்களின் மேல் வைத்துக் கீழே அழுத்தி, மெல்லப் பின்னால் தள்ளுகிறார். ‘களுக்’ என்கிறது. வாய் மூடிக்கொள்கிறது. “ரெண்டு கிழமைக்கு, பதினாலு நாளும், வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது.” பக்கத்தில் நிற்கும் கமலேஸ்வரியின் முகம் வாடுகிறது. “ஞாயித்துக்கிழமை இவ திரும்பிப் போறாளுங்க, ஐயா.” டொக்டரையா கை கழுவுகிறார். வெளியே தேயிலைச் சரிவில் பனிமூட்டம் இறங்குகிறது. பார்த்தால் சிரிப்பு வந்துவிடும் என்று இருவரும் முகம் பார்க்காமல் நடக்கிறார்கள். வளைவு தாண்டியதும் பெற்றீசியாவின் தோள்கள் குலுங்கத் தொடங்குகின்றன. கமலேஸ்வரி பதறி, கொழுந்துக் கறை படிந்த உள்ளங்கையை அவள் மோவாய்க்கு அடியில் கொடுத்து அழுத்திப் பிடிக்கிறாள். லயத்து வீடுகள் வரும் வரைக்கும் கையை எடுக்கவில்லை.