இலவசப் பயிற்சி

அட்டைப்பெட்டி செய்யும் அந்தக் கொட்டகையில் நாளுக்கு இருநூறு பெட்டிக்கு மேல் ஏறவே இல்லை. பெரிய ஆர்டர் ஒன்று கைநழுவிப் போகும் நிலை. முதலாளியின் மனைவி அரசாங்கத்தின் சிறுதொழில் உதவிக்கு மனுப் போட்டாள்.

வந்த அதிகாரி இரண்டு நாள் ஓரமாக உட்கார்ந்து வேலையைக் கவனித்தார். பிறகு முதலாளியை மட்டும் நகரத்தில் ஒரு மாத இலவசப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தார்.

"இத்தனை பேர்ல என்னைத்தான் எடுத்திருக்காரு," என்று முதலாளி புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார்.

திரும்பி வந்தபோது நாளுக்கு நானூறு பெட்டி தயாராகிக்கொண்டிருந்தது. ஆர்டரும் கைக்கு வந்திருந்தது.

"பாத்தியா? நான் அங்க படிச்சது இங்க வேலை செய்யுது."

"ஆமாங்க," என்றாள் மனைவி.

மறுவாரமே அவள் அதிகாரியின் மேஜை முன்னால் போய் நின்றாள்.

"சார், அவரு வந்ததும் இருநூறுக்கும் கீழ இறங்கிடுச்சு."

"இப்பவும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எல்லாரையும் நிறுத்தி யோசனை சொல்றாராம்மா?"

"இப்ப படிச்சிட்டு வேற வந்திருக்காரே சார். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை சொல்றாரு."

அதிகாரி பயிற்சிப் பட்டியலை எடுத்தார். "அடுத்து எதைப் பத்தின பயிற்சி வேணும்?"

"எதைப் பத்தின்னாலும் சரி சார். மூணு மாசம் இருந்தா தேவலை."