பன்னிரண்டு கதவுத் திட்டம்

உலக சரித்திரத்தில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய செய்தி: 1964 ஜூலையில் ஒரு ஞாயிறு மாலை, முனிசிபாலிட்டி தாராவி மக்களிடம் அபிப்பிராயம் கேட்டது.

கேட்கப்பட்ட விஷயம், கக்கூஸ்.

புதிய சுகாதாரத் திட்டப்படி தெருவுக்குப் பன்னிரண்டு கதவுகள் கொண்ட கக்கூஸ் ஒன்று கட்டித் தருவார்கள். அதற்கு இருந்த ஒரே காலி இடம் பூலோகத்தின் சாப்பாட்டு ஓட்டலுக்குப் பக்கத்தில். ஜனங்கள் ஆட்சேபித்தால் திட்டம் பக்கத்துப் பேட்டையான சுனாபட்டிக்குப் போய்விடும். சுகாதார அதிகாரியே நேரில் வந்து கேட்டு முடிவு செய்வார்.

பூலோகம் வெறும் ஓட்டல்காரர் அல்ல. ‘பம்பாய் வாழ் தென்பாண்டித் தமிழர் ஐக்கிய முன்னேற்ற சங்க’த்தின் தலைவர். சங்கத்தின் பெயரிலுள்ள எழுத்துகளைவிட உறுப்பினர்கள் கொஞ்சம் குறைவுதான். ஆனால் மைக் செட் சொந்தம்.

“ஜனங்கள நான் பாத்துக்கிடுதேன்” என்றார் தம் வலதுகை இசக்கிப்பாண்டியிடம். “அந்த ஜெயினுலாப்தீன் பாய் வாயத் தொறந்தாத்தான் ஆபத்து.”

ஜெயினுலாப்தீன் தோல்பை பட்டறை வைத்திருந்தார். எப்போதும் வெள்ளை வேட்டி, மழைக்காலமானால் கறுப்புக் குடை. அவர் எழுந்து நாலு வார்த்தை நியாயம் பேசினால் கூட்டம் அவர் பக்கம் சாய்ந்துவிடும். அவரிடம் இருந்த ஒரே பலவீனம், மேடை என்றாலே வயிறு கலங்கும். பேசுவதற்கு முன் தெருமுனைக் கக்கூஸுக்குப் போகாமல் அவர் மைக்கைத் தொட்டதில்லை. அங்கே இருந்த நாலு அறைகளில் ஒன்றுக்குத்தான் கதவு.

அந்தக் கதவின் வெளிப்பக்கம் அன்று காலையே ஒரு கொண்டி அடிக்கப்பட்டது.

“ஆளை உள்ள வச்சுப் பூட்டுதது போலீஸ் கேஸுலா, அண்ணாச்சி?”

“கொலையாடே பண்ணச் சொன்னேன்? கூட்டம் முடியுத மட்டும்தான். பொதுக்காரியம்னா நாலும் இருக்கும்.”

சாயங்காலம் மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தபோது, முனிசிபாலிட்டி ஜீப் சங்கத்தின் தகரக் கொட்டகை வாசலில் வந்து நின்றது. வெள்ளைச் சீருடை, பித்தளைப் பொத்தான்கள், விறைப்பான தொப்பியோடு ஒருவர் இறங்கினார். மாலை போடுவதில் நம்மவர்களை மிஞ்ச உலகில் ஆள் கிடையாது. அவர் வாயைத் திறப்பதற்குள் கழுத்தில் மூன்று விழுந்துவிட்டன. மேடை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர் எழுந்து ஏதோ மராட்டியில் சொல்ல வந்தார்.

“என்ன ஒரு அடக்கம், பாத்தீங்களா!” என்று தோளை அழுத்தி மறுபடி உட்கார வைத்தார்கள்.

இசக்கிப்பாண்டி சொட்டச் சொட்ட ஓடிவந்து தலைவர் காதருகே குனிந்தான்.

“முடிஞ்சிட்டு அண்ணாச்சி. வெள்ளை வேட்டிய முழங்காலுக்குத் தூக்கிக்கிட்டு, குடையோட வந்தாரு. உள்ள போனாரு. கொண்டியப் போட்டுட்டேன்.”

“சத்தம் போடுதாரா?”

“இந்தியிலயே வையுதாரு.”

“பாய்க்குக் கோவம் வந்தா இந்திதான். ஒரு ஸ்பீக்கர அந்தப் பக்கம் திருப்பு. நம்ம பேச்ச அவரும் கேக்கட்டும்.”

பூலோகம் தமிழில் ஆரம்பித்து, அதிகாரியை உத்தேசித்து இந்திக்குத் தாவினார். இந்தி அவரைப் பொறுத்துக்கொண்டது.

“சாப்! ஹமாரா புரானா கக்கூஸ் பஹுத் அச்சா! நயா நஹி மாங்தா!”

பழைய கக்கூஸே பிரமாதம், புதுசு வேண்டாம் என்றதோடு நிற்கவில்லை. அதே இந்தியில் ஒரு சவாலும் விட்டார். சந்தேகப்படுகிறவர் எவராக இருந்தாலும் அந்தக் கக்கூஸில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும், வெளியே வரவே மனசு வராது! ஸ்பீக்கர் அதைத் தெருமுனை வரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

இட்லி விற்கும் கோமதியம்மாள் எழுந்துவிட்டாள்.

“நாலு பொந்துல மூணுக்குக் கதவு கெடையாது. பொம்பளைக விடியுமுன்ன ஓடைப்பக்கம் ஓடுதோம். ஒம்ம ஓட்டலுக்கு நாத்தம் வரக்கூடாதுன்னு நாங்க வயித்தக் கட்டிக்கிட்டுத் திரியணுமா, அண்ணாச்சி?”

“தாய்மார்கள் அமைதி காக்கவும்” என்றது மைக்.

நாற்காலியில் இருந்தவர் இருவருக்கும் சமமாகத் தலையாட்டினார். “பெரிய படிப்பு படிச்ச ஆளு. பிடி குடுக்க மாட்டேங்காரு” என்று மேடை வியந்தது.

திட்டம் வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார் பூலோகம். அவர் ஓட்டலில் சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் தூக்கினார்கள். தெருவில் வேறு ஓட்டல் கிடையாது. மக்கள் கருத்து தெளிவாகிவிட்டது. கைதட்டல் தகரத்தின் மேல் விழுந்த மழையையும் அமுக்கியது.

அப்போது தொப்பலாக நனைந்தபடி ஜெயினுலாப்தீன் உள்ளே வந்தார்.

“மன்னிக்கணும் அண்ணாச்சி. கிங்ஸ் சர்க்கிள்ல இடுப்பளவு தண்ணி, பஸ் ஓடல. அங்கேருந்து நடந்தே வாறேன். கூட்டம் முடிஞ்சிட்டா?”

பூலோகம் இசக்கிப்பாண்டியைப் பார்த்தார். இசக்கிப்பாண்டி கூரையைப் பார்த்தான்.

தோளை அழுத்த அருகில் ஆள் இல்லாத அந்தச் சமயத்தில், நாற்காலியில் இருந்தவர் எழுந்து, மாலைகளோடு ஒரு சலாம் வைத்து இந்தியில் சொன்னார்.

“மை டிரைவர் ஹூம், சேட். அதிகாரி டாக்டர் சாகேப் தெருமுனையிலேயே இறங்கிட்டார். பேசறதுக்கு முன்னால உங்க கக்கூஸை ஒரு தடவை பார்த்துட்டு வர்றேன்னார். இன்னும் காணோம்.”

மழைக்காலம் முடிந்ததும் புதுக் கக்கூஸ் கட்டப்பட்டது, பூலோகத்தின் ஓட்டலுக்குப் பக்கத்தில்.